கள்ளும் ஒரு ஒயின்தான்: குறைந்த விலை மதுவைச் சுவைத்து அறிவது எப்படி?

டத்தோ கிராமாட்: தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கி டத்தோ கிராமாட் சாலை வழியாக நகரும்போது, இருபுறமும் குவித்து வைத்த தேங்காய்கள் உடைபடும் சத்தம் பாடாங் பிரௌன் வரை கேட்கும். பினாங்குத் தமிழர்களுக்குத் தேங்காய் என்றாலே அந்தக் காட்சிதான். அதே மரத்தின் பாளையை, அது விரிந்து காயாகும் முன்பே கட்டிச் சீவினால் தேங்காய்க்குப் பதிலாகக் கள் கிடைக்கும். தோட்டத்தில் நம் தாத்தாக்கள் விரும்பிக் குடித்ததும், பாட்டிகள் வெறுத்து எதிர்த்ததும் அந்தக் கள்தான்.

இன்று நம் வீட்டுத் திருமண விருந்துகளிலும் பிறந்தநாள் மேசைகளிலும் ஒயின் போத்தல் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. பேரங்காடி அலமாரியில் சிலி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் என்று நாட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது, 40, 50 வெள்ளிக்கு நல்லது கிடைக்குமா என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது. ஒயின் என்றால் திராட்சை மட்டும்தான் என்று நினைப்பதால், நம் கைக்கு எட்டிய ஒயினை நாம் மறந்துவிடுகிறோம். இனிப்பான ஒரு சாறு தானே நொதித்து, காய்ச்சி வடிக்கப்படாமல் அப்படியே குடிக்கப்படும் பானம் எதுவோ அது ஒயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர்கள் பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் பனை ஒயின் என்றே எழுதி வைத்தார்கள்.

மலிவு மதுவில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயல்பிலேயே மலிவானது: கள், சாதாரண திராட்சை ஒயின். மற்றது மலிவாக்கப்பட்டது: சம்சு, கள்ளச்சாராயம். முதல் வகையை நாக்கும் மூக்கும் நன்றாகவே எடைபோடும். இரண்டாவதில் அவை ஓரிடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். அந்த இடம் எது என்று தெரியாமல் போனதால் இந்த நாட்டிலும் தமிழ்நாட்டிலும் உயிர்கள் போயிருக்கின்றன.

பாளையிலிருந்து கலயத்துக்கு

விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சில நாள்கள் மெதுவாகத் தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் ஏறி, பழைய முனையைப் புதிதாகச் சீவி, நிரம்பிய கலயத்தை இறக்கி, வேறொன்றைக் கட்டிவிட்டு வர வேண்டும். ஒரு நாள் விட்டால் முனை காய்ந்து சாறு நின்றுவிடும். நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தரும். கள் இறக்கும் பாளை தேங்காய் தராது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கள் மலிவு என்று சொல்லும்போது, மரம் ஏறுபவரின் தினசரி உயிர்ப்பணயம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். ஏறக்குறைய 15 விழுக்காடு சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிக்காது, அதுவே பதநீர். தென்னையில் எடுத்தால் கொங்குப் பக்கம் தெளுவு என்பார்கள். இங்கே மலாய்க்காரர்கள் நிப்பா மரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் எடுத்துச் சாலையோரத்தில் விற்கும் ஆயர் நிரா இதற்குச் சொந்தக்காரன். புளிப்பதற்கு முன் குடித்தால் அதில் மது இல்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் கதை வேறு. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட்டும், கலயத்தில் ஒட்டியிருக்கும் நேற்றைய கள்ளும் சேர்ந்து மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். சில மணி நேரத்தில் ஆல்கஹால் 4, 5 விழுக்காட்டை எட்டும். அதற்கு மேல் கொஞ்சம் ஏறலாம். ஒரு நாள் கடந்தால் வேறு நுண்ணுயிர்கள் பொறுப்பேற்று அதைக் காடியாக, அதாவது வினிகராக மாற்றத் தொடங்கும். போர்டோவின் ஒயின் இருபது ஆண்டுகள் காத்திருக்கும். கள்ளின் ஆயுள் ஒரு பகல்.

நல்ல கள்ளின் அடையாளம்

அதனால் கள்ளைச் சுவைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “அண்ணே, இது எப்போது இறக்கியது?” என்பதுதான். திராட்சை ஒயினுக்கு ஆண்டு எப்படியோ, கள்ளுக்கு மணி அப்படி.

இறக்கிய சற்று நேரத்தில் இனிப்பு மேலோங்கி இருக்கும். இளநீரும் ஈஸ்ட்டும் கலந்த வாசம் வரும். நாக்கில் சின்னச் சின்னக் குமிழிகள் குத்தும். நேரம் ஆக ஆக, ஈஸ்ட் தின்னத் தின்ன, இனிப்புக் குறைந்து புளிப்பு ஏறும். நண்பகல் வாக்கில் இரண்டும் சமமாக நிற்கும் ஒரு கட்டம் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். மாலைக்குள் இனிப்பு ஏறக்குறையப் போய்விடும். காலையில் இறக்கிய கள் அந்தி சாயும் வரை பாகு போல இனிக்கிறது என்றால், அதில் சர்க்கரையோ சாக்கரினோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இதை விட எளிய சோதனை கிடையாது.

பார்வைக்கு அது பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கி இருக்க வேண்டும். அந்தக் கலங்கல் பெரும்பாலும் ஈஸ்ட், பயப்பட வேண்டாம். தெளிந்து நீர்த்துப்போய், நுரை உடனே அடங்கிவிட்டால் தண்ணீர் கலந்திருக்கலாம். ரொட்டி மாவு வாசம் மட்டும் தூக்கலாக வந்து, தென்னையின் வாசமே இல்லை என்றால், கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டுத் தயாரித்த போலிச் சரக்காக இருக்கலாம். மிக முக்கியமான அடையாளம் தொண்டையில்: நல்ல கள் எரியாது. 5 விழுக்காட்டுப் பானம் எரிய வழியே இல்லை. எரிந்தால் அதில் சாராயம் கலந்திருக்கிறது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருபவர்களுக்கு ஒன்று: போத்தலை இறுக மூடாதீர்கள். உள்ளே நொதித்தல் நடந்துகொண்டே இருப்பதால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். குளிரூட்டியில் வைத்தால் புளிப்பு மெதுவாகும், நிற்காது. மிஞ்சினால் கொட்டவும் வேண்டாம். ஆப்ப மாவில் ஒரு கை ஊற்றினால் போதும், சோடா மாவு தேவைப்படாது; மேலும் சில நாள் விட்டால் நல்ல வினிகர்.

ஒரே யோசனை, பல மரங்கள்

கள் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தால் அது தவறு. பனை வகை மரங்கள் எங்கெல்லாம் வளர்கின்றனவோ அங்கெல்லாம் மனிதர்கள் அதே யோசனைக்கு வந்திருக்கிறார்கள்.

பிலிப்பீன்ஸில் இதற்குத் துபா என்று பெயர். விசாயாஸ் தீவுகளில் மரப்பட்டைத் தூளைச் சேர்ப்பதால் அது செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பட்டையின் துவர்ப்பு, சிவப்பு ஒயினில் திராட்சைத் தோல் தரும் துவர்ப்பை நினைவூட்டும். சில வாரம் வைத்தது பஹால், பல மாதம் வைத்தது பஹாலினா. கள்ளை ஒரு நாளுக்கு மேல் வைக்க முடியாது என்ற நம் அனுபவத்தை அவர்கள் ஒரு பட்டைத் தூளால் தாண்டியிருக்கிறார்கள். ஸ்பானியர் காலத்தில் மணிலாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போன கப்பல்களில் துபாவும் ஏறியது. இன்றும் மெக்சிகோவின் கொலிமா நகரில் தெருவோரம் அதே பெயரில் விற்கிறார்கள். நம் சபாவில் பட்டை சேர்த்த தென்னங்கள்ளுக்கு பஹார் என்று பெயர். சரவாக்கின் துவாக் மட்டும் பெரும்பாலும் அரிசியில் செய்வது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் கள் இறக்குபவர்கள் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் நடந்தே போகிறார்கள். அங்கே பெரும்பகுதி அரக்காக வடிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் பனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் அதைப் போத்தலில் அடைத்து விற்கின்றன. கேரளத்தில் கள்ளுக்கடை ஓர் உணவகம் மாதிரி. கப்பைக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிடவே பலர் போகிறார்கள்.

தோட்டத்து வாசகர்களுக்குச் சொல்ல நான் ஆசைப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி. நைஜீரியாவிலும் கானாவிலும் ஒயின் தரும் முக்கிய மரம் தென்னை இல்லை, செம்பனை. ஆம், இங்கே நாம் குலை வெட்டும் அதே மரம். அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நைஜீரியாவில் மரத்தில் ஏறி ஆண் பூங்கொத்தைச் சீவி எடுக்கிறார்கள். கானாவில் மரத்தையே சாய்த்து, தண்டில் குழி வெட்டிச் சாறு வடிக்கிறார்கள். மூன்று தலைமுறையாகச் செம்பனைக் காட்டில் உழைத்த நம்மவர்களுக்கு அந்த மரத்திலிருந்து ஒரு கிளாஸ் பானம் எடுக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. பினாங்கிலிருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானியர்களோடு சேர்ந்து, ஏறக்குறைய 25 ஆண்டுகளில் மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கும் செம்பனைத் தண்டின் சாறு சர்க்கரை நிறைந்தது என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் நோக்கம் எரிபொருள், விருந்து அல்ல.

பேரங்காடி அலமாரியில்

திராட்சை ஒயினும் தமிழருக்குப் புதிதல்ல. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர, மன்னன் அருந்தி மகிழ வேண்டும் என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டில் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அதே சங்க நூலில், கள் குறைவாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட எங்களோடு சேர்ந்து குடிப்பான் என்று அதியமானை நினைத்து அழும் ஔவையின் பாட்டும் உண்டு. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. நம் இலக்கியத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது; தேவைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இனி விலை. மலேசியாவில் ஒயின் ஏன் இவ்வளவு விலை என்று தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்தவர்கள் கூடக் கேட்கிறார்கள். இங்கே கலால் வரி போத்தலின் விலைக்குப் போடப்படுவதில்லை. அதில் உள்ள ஆல்கஹாலின் அளவுக்குப் போடப்படுகிறது. 2025 நவம்பர் 1 முதல் மதுபானக் கலால் வரி 10 விழுக்காடு உயர்ந்தது. விற்பனை வரியை விட்டுப் பார்த்தால், ஒரே வலுவுள்ள 50 வெள்ளிப் போத்தலும் 500 வெள்ளிப் போத்தலும் ஏறக்குறைய ஒரே வரியைத்தான் சுமக்கின்றன. போத்தல், தக்கை, கப்பல் கூலி ஆகியவையும் பெரிதாக மாறுவதில்லை. ஆக, அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் போத்தலில் நீங்கள் கொடுக்கும் காசில் உண்மையான ஒயினுக்குப் போவது மிகச் சிறு பங்கு. அதை விட 15, 20 வெள்ளி கூடுதலாகப் போட்டால் அந்தக் கூடுதல் தொகையில் பெரும்பகுதி ஒயினுக்கே போகும். மாதம் இரண்டு போத்தல் அடித்தட்டில் வாங்குவதை விட ஒன்றை நடுத்தட்டில் வாங்குவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

எந்த ஒயின்? நம் சாப்பாடு காரமானது. இதை மறந்துவிட்டு யாரோ வெள்ளைக்காரர் சொன்னார் என்று ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குக் கனமான கேபர்னே சாவிஞோனை எடுத்தால் வாய் எரியும். துவர்ப்பும் அதிக ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூண்டிவிடும். இலேசான இனிப்பும் குளிர்ச்சியும் அதை அடக்கும். கள் குடித்து வளர்ந்த நாக்குக்கு நான் முதலில் காட்டுவது இத்தாலியின் மொஸ்காத்தோ தாஸ்தி. 5 விழுக்காடு சுற்றிதான் ஆல்கஹால், இனிப்பு, சிறு குமிழிகள். கிட்டத்தட்ட காலைக் கள். ஆஸ்திரேலிய மொஸ்காத்தோ இன்னும் மலிவாகக் கிடைக்கும்.

மீன் குழம்புக்குத் தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்கும், இறால் வறுவலுக்குச் சிலியின் சாவிஞோன் பிளாங்கும் ஒத்துப்போகும். போர்த்துகலின் வின்யோ வெர்தே இலேசானது, புளிப்பானது. புளிப்பேறிய மாலைக் கள் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். சிவப்புதான் வேண்டும் என்றால் சிலியின் மெர்லோ அல்லது ஸ்பெயினின் கார்னாச்சா. இரண்டிலும் துவர்ப்பு மென்மை. அரை மணி நேரம் குளிரூட்டியில் வைத்துப் பரிமாறுங்கள். அறை வெப்பம் என்று ஐரோப்பியர் சொல்வது பினாங்கின் 32 பாகை இல்லை. அலமாரிகளில் அடிக்கடி கண்ணில் படும் சிலியின் காஸியேரோ டெல் டியாப்லோ என்ற பெயருக்குச் ‘சாத்தானின் கிடங்கு’ என்று பொருள். வேலையாட்கள் திருடாமலிருக்க, கிடங்கில் சாத்தான் இருக்கிறது என்று முதலாளியே புரளி கிளப்பினாராம். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த முதலாளியின் மூளை எப்படி வேலை செய்தது என்று புரியும்.

திருகு மூடி மலிவின் அடையாளம் இல்லை. தக்கையில் வரும் ஈர அட்டை நாற்றம் அதில் வராது என்பது நல்லதுதான். மலிவு வெள்ளை ஒயினை வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள், இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிக்க வேண்டியது அது. வெயில் படும் கண்ணாடி ஓரம் நிற்கும் போத்தலைத் தொடாதீர்கள். திறந்தபின் குளிரூட்டியில் மூன்று நாள் தாங்கும்.

கள்ளுக்கடையை மறித்தவர்கள்

கள்ளை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. காலனித்துவ மலாயாவில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. நிர்வாகமே நடத்தியது, நகரங்களில் அரசாங்கமே நடத்தியது. சம்பள நாளில் அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்த காசு சாயங்காலம் கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போனது. சம்பளத்தின் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்று அதைச் சொன்னால் மிகையில்லை.

போருக்குப் பின், 1946இல், கெடா மாநிலம் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை உருவானது. அவர்களின் முதல் இலக்கு கள்ளுக்கடை. பெண்களும் இளைஞர்களும் கடை முன் நின்று மறித்தார்கள். சீருடை அணிந்து அணிவகுத்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் நடந்த மறியலில் போலீஸோடு மோதல் வந்தது; தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தொடர்ந்து கெடா தோட்டங்களில் வேலைநிறுத்தம், கைதுகள். கள்ளை ஏழையின் அமுதம் என்று இன்று சிலாகிப்பவர்கள், அந்தக் கடை வாசலில் நின்ற தாய்மார்கள் குழந்தையின் அரிசிக் காசுக்காக நின்றார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அடுத்து நடந்தது அவர்கள் கேட்டதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த இடத்துக்குச் சம்சு வந்தது. சிறு போத்தலில், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில், மருந்து போன்ற பெயர்களோடு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், 2019இல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ் காலத்தில் தோட்டம் தோட்டமாகச் சம்சுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான் வேறு வடிவில். 1987 முதல் அங்கே கள்ளுக்குத் தடை. அரசின் டாஸ்மாக் கடையில் 42.8 விழுக்காட்டுப் பிராந்தியோ விஸ்கியோ வாங்கத் தடையில்லை.

மில்லிலிட்டர் கணக்கு

வேறுபாடு எவ்வளவு என்று ஒரு பென்சிலை எடுத்துப் பார்த்துவிடலாம். 5 விழுக்காட்டுக் கள் அரை லிட்டரில் சுத்த ஆல்கஹால் 25 மில்லிலிட்டர். 320 மில்லிலிட்டர் பீர் டின்னில் 16. உணவோடு குடிக்கும் ஒரு கிளாஸ் ஒயினில், 150 மில்லிலிட்டர், 13 விழுக்காடு என்று வைத்தால், 19 அல்லது 20. அதே 150 மில்லிலிட்டர் சம்சு, 40 விழுக்காடு என்றால், 60. ஒரே மடக்கில் போகும் அந்தச் சிறு போத்தல் ஒரு லிட்டர் கள்ளை விட வலுவானது. ஒரு லிட்டர் கள் குடிக்க வயிறு இடம் கொடுக்காது. அதுவே ஒரு கடிவாளம். சம்சுவுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது.

இதனால்தான் 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18லிருந்து 21 ஆனபோது, மலிவான கலவை மதுவைச் சிறு போத்தலில் விற்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்: உடலுக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை. கள் குளிர்ச்சி, சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சுகளை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிப்பவர் சுவைக்காகக் குறைவாகக் குடிக்கலாம். உடல்நலத்துக்காகக் குடிக்க ஒரு காரணமும் இல்லை. வண்டி ஓட்டும் நாளில் அதுவும் வேண்டாம்.

நாக்கு கைவிடும் இடம்

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், மலேசியர்களும் இருந்தார்கள். காரணம் மெத்தனால். ஏதோ சந்து முனையில் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்றதில்லை. பெயர் ஒட்டிய போத்தல்களும் டின்களும்தான் சந்தேகத்துக்கு உள்ளாயின. 2019 டிசம்பரில் பிலிப்பீன்ஸில் லம்பனோக் என்னும் தென்னஞ் சாராயத்தால் மரணங்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர்.

மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். வாசமும் சுவையும் குடிக்கும் ஆல்கஹாலைப் போலவே இருக்கும். ருசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், தீக்குச்சி கொளுத்தினால் நிறம் காட்டும் என்பதெல்லாம் நம்ப முடியாத பேச்சு. எத்தனை ஆண்டு குடித்துப் பழகிய நாக்கும் இதில் தோற்கும். தென்னஞ்சாறு தானே நொதிக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதில்லை. எனவே மரத்திலிருந்து நேராக வந்த கள்ளில் இந்தப் பயம் இல்லை. வலுவேற்றக் கலக்கும் சரக்கில்தான் அது நுழைகிறது. தொண்டை எரிந்தால் எழுந்துவிடுங்கள் என்று மேலே எழுதியது இதற்காகத்தான்.

ஆகவே வாங்கும் இடத்திலேயே பாதுகாப்பைத் தேட வேண்டும். 1976 கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். உரிமம் உள்ள கடையில் அது சுவரில் தொங்க வேண்டும், பார்த்துக் கேட்பதில் வெட்கமில்லை. போத்தல் மதுவில் சுங்கத்துறையின் வரி முத்திரை, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, ஆல்கஹால் விழுக்காடு, மலாய் மொழியில் எச்சரிக்கை வாசகம் ஆகியவை இருக்கின்றனவா பாருங்கள். வழக்கமான விலையில் பாதிக்கு ஒருவர் விஸ்கி தருகிறார் என்றால், வரி கட்டாத சரக்காக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று உங்களால் சொல்ல முடியாது. அவரிடம் வாங்காதீர்கள்.

மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது என்பதுதான் அதன் கொடுமை. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுக்கும். குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்து, சில வேளை அதற்கும் பிறகு, தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வரும். பார்வை மங்கும், பனிக்குள் பார்ப்பது போல இருக்கிறது என்பார்கள். ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுக்க வைக்காதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம். 999க்கு அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். டத்தோ கிராமாட்டிலிருந்து ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனை சில நிமிடத் தொலைவு. நேரத்தோடு போனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற முடியும். நாட்டின் தேசிய நச்சு மையமும் நம் பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்பார்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார், எங்கே வாங்கினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். போத்தலில் மிச்சம் இருந்தால் மூடியோடு எடுத்துச் செல்லுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.